கடலிலிருந்து நன்னீருக்கு: தூண்டிற்காரர் புதிதாகக் கற்க வேண்டியவை

நம் நாட்டின் மீன் விளைவில் கடலும் உள்நாட்டு நீர்நிலைகளும் வகித்துவந்த இடங்கள் எழுபது ஆண்டுகளில் தலைகீழாக மாறிவிட்டன. 1950-51ஆம் ஆண்டில் இந்தியாவில் கிடைத்த 7.52 லட்சம் டன் மீனில் 5.34 லட்சம் டன் கடல் தந்ததாகும். ஆறு, ஏரி, குளங்களின் பங்கு 2.18 லட்சம் டன் மட்டுமே. 2022-23ஆம் ஆண்டிலோ மொத்த விளைவாகிய 175.45 லட்சம் டன்னில் 131.13 லட்சம் டன் உள்நாட்டு நீரிலிருந்து வந்தது. ஆகவே, மீன் என்றதும் கடலை மட்டும் நினைக்கும் பழக்கம் இனிப் பொருந்தாது.

கடற்கரை மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தோர் பலர் அலுவல் காரணமாக உள்நாட்டுக்கு மாற்றப்பட்டு, ஹிராகுட், காந்திசாகர், ரிஹாண்டு போன்ற பெரிய நீர்த்தேக்கங்களின் அருகிலோ சிற்றூர்க் குளங்களின் அருகிலோ வாழ நேரிடுகின்றது. இவர்களுட் சிலர் கடலில் கைத்தூண்டில் இட்டுப் பழகியவர்கள். ஓய்வு நாளில் அதே தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குச் சென்று, காலை முதல் மாலை வரை அமர்ந்திருந்து, வெறுங்கையோடு வீடு திரும்புவதும் உண்டு. அந்த நீரில் மீன் இல்லை என்பது அதற்குக் காரணமன்று. கடலில் பயன்பட்ட அறிவில் ஒரு பாதி இங்கே பயன்படும்; மற்றப் பாதியைக் களைந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் களைவது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. வலையைப் பற்றி இங்கே கூறப்படவில்லை. கோலும் முள்ளும் கொண்டு மீன் பிடிப்பதொன்றே நம் பொருள்.

இருவகை நீர்

கடல்நீரின் ஒவ்வொரு கிலோகிராமிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நன்னீரிலோ அரைக் கிராமுக்கும் குறைவு. இந்த வேற்றுமையிலிருந்து பல விளைவுகள் பிறக்கின்றன.

முதலாவது, எடை. ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோகிராம். எனவே கடலில் அளவாக மிதந்த தக்கை, அதே ஈயத்தோடு குளத்தில் இன்னும் சற்று ஆழ்ந்து நிற்கும். கடலில் இந்த வேற்றுமையை எவரும் பொருட்படுத்துவதில்லை. குளத்திலோ தக்கையின் நுனி அரைக்கால் அங்குலம் அசைவதைக் கண்டே மீன் வந்ததை அறிய வேண்டியிருத்தலால், ஈயத்தைப் புதிதாக அளவிட்டே ஆகவேண்டும்.

இரண்டாவது, மீனின் உடலமைப்பு. கடல் மீனின் குருதியிலுள்ள உப்பு சுற்றியுள்ள நீரைக் காட்டிலும் குறைவு. ஆதலால் அதன் உடலிலிருந்து நீர் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அந்த இழப்பை ஈடுசெய்ய அது கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே கழிக்கின்றது. நன்னீர் மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. நீர் அதன் செவுள்களின் வழியே ஓயாமல் உட்புகும். அதனை ஏராளமான சிறுநீராக அது வெளியேற்றிவிடுகின்றது. அதன் மேனியைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான சளிப்படலம் நீர் புகுவதையும் நோய் தொற்றுவதையும் தடுக்கும் கவசமாகும். உலர்ந்த கையாலோ சாக்கினாலோ பற்றிச் செதிலையும் சளியையும் தேய்த்துவிட்டால், மீண்டும் நீரில் விடப்பட்ட மீன் சில நாட்களில் பஞ்சு போன்ற வெண்பூசணம் பற்றி இறந்துபோகலாம். சிறு மீனைத் திரும்ப விடுவோர் கையை நனைத்துக்கொண்டே அதைத் தொட வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது, செவிப்புலன். கெண்டை இனங்களுக்கும் கெளுத்தி இனங்களுக்கும் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிற்றெலும்புத் தொடர் ஒன்று உண்டு. எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வீபர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1820ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. நீரில் எழும் அதிர்வைக் காற்றுப்பை வாங்க, அவ்வெலும்புகள் அதைச் செவிக்குக் கடத்துகின்றன. கடலில் நாம் பிடிக்கும் மீன்களிற் பெரும்பாலானவற்றுக்கு இவ்வமைப்பு இல்லை. அன்றியும் அலையோசையில் மனிதன் எழுப்பும் ஓசை மறைந்துவிடும். குளக்கரையிலோ கனத்த காலடியும், படகின் அடிப்பலகையில் துடுப்பு மோதும் ஒலியும் மீனைக் கலைத்துவிடப் போதுமானவை.

ஓதத்தின் காலமும் வெயிலின் காலமும்

கடலில் மீன் பிடிப்போன் ஓதத்தைக் கணக்கிடுகிறான். நீர் ஏறும் வேளை, வற்றும் வேளை, அமாவாசை, பௌர்ணமி ஆகியவை அவனது நாட்காட்டி. நீர்த்தேக்கத்தில் ஓதம் இல்லை. அங்கே வெயிலும் காற்றும் பிராணவாயுவுமே காலத்தை வகுக்கின்றன.

25 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். கடல்நீர் 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவாகவே வைத்திருக்கும். இதைக் கொண்டு, நன்னீரில் மீனுக்கு என்றும் மூச்சுக்குக் குறைவில்லை என்று எண்ணிவிடலாகாது. கடல் ஓயாமல் கலங்குவதால் அதன் மேற்பரப்பு நீரில் பிராணவாயு பெரும்பாலும் நிலையாக இருக்கின்றது. பாசி நிறைந்த குளத்திலோ, பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் சேறும் ஒருங்கே அதைச் செலவிடும். எனவே விடியற்காலையில் அது மிகக் குறைந்துவிடுகின்றது. அவ்வேளையில் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணும் புதியவர், அவை இரை தேடுகின்றன என்று மயங்குவர். உண்மையில் அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அப்போது இரையை ஏறெடுத்தும் பாரா. கதிரவன் எழுந்து ஓரிரு மணி நேரம் கழிந்தபின், பாசி தன் வேலையைத் தொடங்கிய பிறகே இத்தகைய குளத்தில் தூண்டில் இடுவது பயன் தரும்.

கோடையின் நண்பகலில் மீன் நிழலுக்கோ ஆழத்துக்கோ ஒதுங்கும். மாலையில் கரையோரம் மேயவரும். வட இந்தியக் குளிர்காலத்தில் கெண்டை இனங்கள் இரை எடுப்பது வெகுவாகக் குறையும். காற்று ஒரே திசையில் சில நாட்கள் வீசினால், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் எதிர்க்கரையில் சென்று ஒதுங்கும். அவற்றை உண்ணும் மீன்களும் அவற்றைப் பின்தொடரும். ஆகையால் காற்று நம் முகத்தில் அடிக்கும் கரை அமர்வதற்கு வசதியற்றதாயினும், மீனுக்கு உகந்த கரை அதுவேயாகும்.

நீர்த்தேக்கத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. மழைக்குப்பின் நிறைந்து நிற்கும் நீர், பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் திறந்துவிடப்பட்டு, கோடைவரை இறங்கிக்கொண்டே வரும். சென்ற மாதம் மீன் கிடைத்த இடம் இந்த மாதம் வறண்ட சேறாக இருக்கலாம். நீர் இறங்கியிருக்கும் காலத்தில் ஒரு முறை கரையைச் சுற்றி நடந்து, பழைய ஆற்றின் தடம் எங்கே, மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள் எங்கே, ஓடைகள் வந்து கலக்கும் இடம் எங்கே என்று குறித்துக்கொள்வோர்க்கு, நிறைநீர்க் காலத்தில் அக்குறிப்பே வரைபடமாகும்.

மீனின் வாயை நோக்குக

கடலில் நம் தூண்டிலில் சிக்குபவை பெரும்பாலும் பிற மீனைத் துரத்தி விழுங்குபவை. பல்லும் வேகமும் உடையவை. நன்னீரில் மிகுதியாக உள்ள கெண்டை இனங்களுக்குத் தாடையில் பல்லே இல்லை. தொண்டையினுள் அமைந்த பற்களால் அவை இரையை அரைக்கின்றன. இரையை அவை கடிப்பதில்லை. நீரோடு சேர்த்து உறிஞ்சிச் சுவைத்து, ஐயம் தோன்றினால் உடனே உமிழ்ந்துவிடுகின்றன. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், நன்னீர்த் தூண்டிலின் நுட்பங்கள் அனைத்தும் தாமே விளங்கும்.

இந்தியாவின் பெருங்கெண்டைகள் மூன்று. அவை எங்கே மேய்கின்றன என்பதை அவற்றின் வாயமைப்பே காட்டிவிடும். கட்லாவுக்குப் பெரிய தலை. கீழ்த்தாடை நீண்டு வாய் மேல்நோக்கி இருக்கும். மேல்மட்ட நீரிலுள்ள நுண்ணிய விலங்குயிர்களை அது உண்ணும். ரோகுவின் வாய் சற்றே கீழ்நோக்கி, உதடுகள் ஓரத்தில் குஞ்சம் போலப் பிளவுபட்டிருக்கும். நடுமட்ட நீரில் தாவரப் பொருள்களை மேயும். மிருகாலின் மூக்கு மழுங்கியிருக்க, வாய் அதன் அடியில் அமைந்திருக்கும். தரையிற் படிந்த மக்கலை அது உண்ணும். ஒரே குளத்தில் இம்மூன்றையும் சேர்த்து வளர்ப்பதன் அடிப்படை இதுவே. ஒன்றின் உணவுக்கு மற்றொன்று போட்டியிடுவதில்லை.

இவற்றோடு, வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய இனங்களும் உண்டு. சாதாக் கெண்டையின் ஒரு வகை 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்கும், மற்றொரு வகை 1957ஆம் ஆண்டில் பாங்காக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்டது. அது அடிச்சேற்றைக் கிளறி மேய்வது. மண்புழுவுக்கும் மாவுருண்டைக்கும் எளிதில் வசப்படுவது. புதியவர்க்கு நல்ல ஆசான். 1952ஆம் ஆண்டில் வந்த திலாப்பியா, நம் ஊர்களில் ஜிலேபிக் கெண்டை எனப்படுவது, சிறுவரும் பிடிக்கக் கூடியது. 1959ஆம் ஆண்டில் வந்த வெள்ளிக் கெண்டை நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்பதாதலால், நாம் இடும் இரைக்குப் பெரும்பாலும் வாராது. எந்த நீரில் எந்த மீன் மிகுதி என்று உள்ளூர் மீனவரிடம் முதலில் கேட்டறிய வேண்டுவது இதனாலேயே.

கடலிற் கற்ற வேட்டை முறை முழுதும் வீணாகிவிடவில்லை. விரால், வாளை ஆகியவை நன்னீரின் வேட்டை மீன்கள். சிறு மீனையோ தவளையையோ உயிரிரைபோல் இழுத்துக் காட்டினால் பாய்ந்து பற்றும். கடல் தூண்டிற்காரரின் கைப்பழக்கம் இங்கே நன்கு உதவும். வாளைக்கு வரிசையான கூரிய பற்கள் உள்ளமையால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் அளவு கம்பி இணைத்தல் நலம்.

கருவிகளைக் குறைத்தல்

கடல் கருவி கனமாக இருப்பது நீரோட்டத்துக்காகவும் பாறைக்காகவும் ஆகும். அமைதியான குளத்தில் அக்கனம் இடையூறாகவே முடியும். கெண்டைக்குப் பின்வருமாறு அமைத்துக்கொண்டால் போதும்.

கோல்: மூன்று முதல் நான்கு மீட்டர் நீளமுள்ள, நுனி வளையும் மூங்கிற் கோல். ரீல் பொருத்திய கோல் இருப்பின் நன்று, இல்லாவிடினும் குறையில்லை.

தங்கூசி: 0.25 முதல் 0.30 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைலான் நரம்பு. கடலுக்குரிய பருத்த தங்கூசி தெளிந்த நீரில் கயிறுபோல் தோன்றும். இரையை உறிஞ்சும் மீன் அதன் விறைப்பை உணர்ந்து உமிழ்ந்துவிடும்.

முள்: சுண்டுவிரல் நகத்தினும் சிறியது, நுனி கூரியது. கெண்டையின் உதடு மென்மையும் உறுதியும் உடையதாதலால், பெரிய முள்ளுக்குத் தேவை இல்லை. சிறு மீனைத் திரும்ப விடக் கருதுவோர் முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கி மழுக்கிவிடலாம்.

தக்கை: மயில் இறகின் தண்டோ நாணற்குச்சியோ சிறந்தது. தடித்த உருண்டைத் தக்கை மீனின் மெல்லிய இழுப்பைக் காட்டாது.

ஈயம்: கடுகு முதல் மிளகு வரை அளவுள்ள சிறு குண்டுகள் சில. ஒரே பெருங்குண்டு வேண்டா.

ஆழம் அறிதலும் தக்கையை நிறுத்துதலும்

கடலில் தூண்டிலிடுவோன் தங்கூசியை விரலில் சுற்றி, மீன் தொடுவதை விரலால் உணர்கின்றான். குளத்தில் கண்ணே விரலின் வேலையைச் செய்ய வேண்டும். அதற்குத் தக்கை துல்லியமாக நிற்க வேண்டும்.

முதலில் முள்ளில் சற்றுக் கனமான ஈயத்துண்டு ஒன்றைக் கோத்து நீரில் விடுக. தக்கை முழுதும் மூழ்கிவிட்டால் ஆழம் மிகுதி. தக்கையை மேலே நகர்த்துக. அது பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால் ஆழம் குறைவு, கீழே நகர்த்துக. நுனி மட்டும் நீர்மட்டத்தில் தெரியும்போது, தக்கையிலிருந்து முள் வரையுள்ள நீளமே அவ்விடத்தின் ஆழமாகும். இவ்வாறு ஐந்தாறு இடங்களில் அளந்தால், மேடு சரிந்து பள்ளமாகும் விளிம்பு எங்கே என்பது புலப்படும். கெண்டைகள் பெரும்பாலும் அவ்விளிம்பை ஒட்டியே மேயும்.

பின்னர் அளவுத்துண்டை நீக்கிவிட்டு, தக்கையின் நுனி ஒரு சென்டிமீட்டர் மட்டுமே வெளியே தெரியும்வரை சிறு குண்டுகளைச் சேர்க்க வேண்டும். மிருகாலுக்கும் சாதாக் கெண்டைக்கும் இரை தரையில் படிய வேண்டும். ரோகுவுக்குத் தரையினின்று ஒரு சாண் மேலே. கட்லாவுக்கு நடுநீர் அல்லது அதற்கு மேல்.

தக்கை மூழ்கினால்தான் மீன் கடித்தது என்று கருதுவது கடற்பழக்கம். அடியில் மேயும் மீன் தலைகீழாக நின்று இரையை வாயில் எடுத்துத் தலையை உயர்த்தும்போது, முள்ளருகே உள்ள குண்டின் எடையும் அதனுடன் உயர்கின்றது. பாரம் நீங்கிய தக்கை மூழ்குவதற்கு மாறாக மேலே எழும்பும். அந்தக் கணமே சுண்ட வேண்டிய கணம். தக்கை மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தாலும் அவ்வாறே. தக்கை இலேசாக நடுங்கிக்கொண்டே இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் சிறு மீன் இரையைக் கொத்துவதாகும். சுண்டுதலும் மணிக்கட்டளவில் இருத்தல் வேண்டும். கடலில் முப்பது பாக ஆழத்துக்குக் கையை வீசி இழுப்பதுபோல் இழுத்தால் மெல்லிய நரம்பு அறுந்துவிடும்.

இரையும் தூவலும்

கடலில் இரை என்பது இறால், மத்தி, கணவாய் என மாமிசமாகவே இருக்கும். கெண்டைக்குச் சமையலறைப் பொருள்களே போதும். கோதுமை மாவைச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து உருட்டிய உருண்டை, வேகவைத்த சோறு, மண்புழு ஆகிய மூன்றும் எங்கும் கிடைப்பவை.

இத்துறையில் வங்காளத்தார் கைதேர்ந்தவர்கள். குளத்தில் தூண்டிலிடும் இடத்தில் முன்கூட்டியே தூவும் கலவையை அவர்கள் சார் என்பர். தவிடும் பிண்ணாக்கும் மணப்பொருள்களும் அதிற் சேரும். ரோகுவுக்கு முசிற்றெறும்பின் முட்டையை மாவோடு பிசைந்து இடுவதும் அங்கே வழக்கம். நம் நோக்குக்கு வறுத்த அரிசித்தவிடும் பொடித்த கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, நீரிற் போட்டதும் உடையும் பதத்தில் உருட்டினால் போதும். தக்கை நிற்கும் இடத்தில் நான்கைந்து உருண்டைகள் இட்டு, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மீன்கள் சேறு கிளறும் இடத்தில் சிறு சிறு குமிழிகள் கூட்டமாக எழும். அதுவே நல்ல அறிகுறி. அளவுக்கு மீறித் தூவினால் மீன் வயிறு நிறைந்து அகன்றுவிடும்; உண்ணப்படாத மாவு அழுகி, முன்னர்க் கூறிய பிராணவாயுக் குறைவை மிகுவிக்கும்.

நம் நாட்டுக் குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றித் தனி நூலே எழுதப்பட்டுள்ளது. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் 1873ஆம் ஆண்டில் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலையும், 1887ஆம் ஆண்டில் ‘டாங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்ற நூலையும் வெளியிட்டார். குளத்து மீன் பிடித்தலைத் தனிக் கலையாகக் கருதத் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது என்பதற்கு இவை சான்று.

மழைக்காலத்தில் தூண்டிலை மடித்து வைத்தல்

இதுகாறும் கூறியவை மீன் பிடிக்கும் முறை. இனிக் கூறப்போவது பிடிக்காமல் இருக்க வேண்டிய காலம். இதுவே கடலிலிருந்து வருவோர் கற்க வேண்டியவற்றுள் தலையாயது.

கடலில் ஓரிடத்தில் பிடிக்கப்பட்ட மீனுக்கு ஈடாக வேறிடத்திலிருந்து மீன் வந்து சேரக்கூடும். அவ்வாறிருந்தும் கடலுக்கே ஓய்வு தரப்படுகின்றது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் 61 நாட்கள் இயந்திரப் படகுகள் மீன் பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. இந்நாட்களில் ஓய்ந்திருக்கும் கடற்கரையார், அக்காலத்தில் ஆற்றிலும் ஏரியிலும் தூண்டில் இடலாமே என்று எண்ணுவது இயல்பு. ஆயின் அந்நாட்களிற் பெரும்பகுதி நன்னீர் மீனுக்கும் இனப்பெருக்கக் காலமாகும்.

பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகி, புதுவெள்ளம் ஓரங்களிலுள்ள ஆழமற்ற வெளிகளில் பரவும்போது, அவை நீரோட்டத்தை எதிர்த்து ஏறி அங்கே முட்டையிடுகின்றன. நீர்த்தேக்கத்து மீன்களும் ஆறு வந்து கலக்கும் முகத்தை நோக்கித் திரளும். அங்கே கூட்டமாக நெருங்கி வரும் சினைமீனைப் பிடிப்பது மிக எளிது. ஒரு ரோகுவின் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இருக்கும். ஆகவே அந்நாளில் நாம் கரையேற்றும் ஐந்து கிலோ மீன் ஒன்றின் கணக்கு, ஒரு குடும்பத்தின் இரண்டு வேளை உணவோடு முடிவதில்லை.

பண்ணைகளின் நிலை வேறு. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒரிஸ்ஸாவிலுள்ள (இன்றைய ஒடிசா) அங்குல் என்னுமிடத்தில், விஞ்ஞானிகளான ஹீராலால் சௌதுரியும் கே. எச். அலிகுன்ஹியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியின் மூலம் செலுத்திப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்து காட்டினர். அதற்குமுன் வளர்ப்புக் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. அந்நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. ஆனால் ஊசி பண்ணைக்கு உரியது. ஆற்றில் வாழும் மீனுக்கு வெள்ளமும் வழியும் அமைதியுமே மருந்து. அணைகள் அவ்வழியை ஏற்கெனவே குறுக்கியுள்ள நிலையில், எஞ்சியிருப்பதைக் காப்பது நம் கையில் உள்ளது.

விராலின் செய்தியும் அறியத்தக்கது. அதன் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு திரளாக மேற்பரப்பில் வந்து வந்து மூச்செடுக்கும். தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் புரியும். அத்திரளின் நடுவே தூண்டிலை எறிந்தால், பகையென்று எண்ணிப் பெற்ற மீன் பாய்ந்து பற்றும். பல ஊர்களில் இதனை ஒரு திறமையாகவே கருதுகின்றனர். காவல் போன மறுகணமே மற்ற மீன்கள் குஞ்சுகளை விழுங்கிவிடுகின்றன. ஒரு விராலுக்காக நூற்றுக்கணக்கான விரால்களை இழக்கும் இச்செயலைக் கைவிடுமாறு சிற்றூர் மக்களிடம் எடுத்துரைப்பது கள ஊழியர்களின் கடமையாகும்.

சட்டமும் பாதுகாப்பும்

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. மாநிலங்கள் தத்தம் விதிகளால் மூடுகாலம் வகுத்துள்ளன; மத்தியப் பிரதேசத்தில் அது ஜூன் 16 முதல் ஆகஸ்ட் 15 வரை. நீர்த்தேக்கங்களும் ஊர்க்குளங்களும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ குத்தகைதாரர்க்கோ விடப்பட்டிருக்கும். கடலில் தூண்டிலிட எவரையும் கேட்க வேண்டியதில்லை என்ற பழக்கம் இங்கே செல்லாது. உரியவரிடம் அனுமதி பெறுதல் வேண்டும். அந்நீரில் மீன் பிடித்தே வாழும் குடும்பங்களுக்கு அது வயல் போன்றது என்பதை மறத்தலாகாது. சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வனத்துறையின் அனுமதியின்றித் தூண்டிலோடு நுழைதல் கூடாது. காவிரிப் படுகைக்கே உரிய திமில் மாசீர், மிகவும் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக 2018ஆம் ஆண்டில் அனைத்துலகச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது; இமயமலை ஆறுகளின் பொன் மாசீரும் அருகிவரும் இனமே. இவை தூண்டிலில் அகப்பட்டால், நீரைவிட்டு உயர்த்தாமலே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.

ஒரு நீர்நிலையின் மீனை மற்றொன்றில் விடுதலும் ஆகாது. 1971ஆம் ஆண்டில் வெள்ளத்தால் ஒரு பண்ணையிலிருந்து தப்பி பக்ரா அணையின் கோவிந்த்சாகரில் புகுந்த வெள்ளிக் கெண்டை, பின்னர் அந்நீர்த்தேக்கத்தின் முதன்மை மீனாகவே பெருகிவிட்டது. எஞ்சிய உயிரிரையைக் குளத்தில் கொட்டும் சிறு செயலும் இத்தகைய பெருவிளைவை உண்டாக்கலாம்.

உயிர்க்காப்பைப் பற்றியும் சில கூற வேண்டும். கடலை அறிந்தோர் ஏரியை எளிதாக எண்ணுவதே முதல் ஆபத்து. நன்னீர் உடலைச் சற்றுக் குறைவாகவே தாங்கும். சேறு காலைப் பற்றும். மூழ்கிய மரக்கிளை துணியைப் பற்றும். அணைக்குக் கீழே ஆற்றில் நிற்போர், எச்சரிக்கைச் சங்கொலி கேட்டதும் தூண்டிலை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். இக்காலத்துக் கார்பன் இழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்துவன. மின்கம்பிகளின் கீழும் இடி மின்னலின்போதும் அவற்றை உயர்த்தலாகாது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர் தேங்கிய நீரில் அளைந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும். காயத்தைக் கட்டிக்கொள்வதும், வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கழுவுவதும் அவசியம்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

ஆசிரியர்களுக்கு உதவும் மூன்று செயல்முறைகளைக் கூறி இக்கட்டுரையை முடிக்கலாம்.

ஒன்று: நீண்ட மெல்லிய குச்சியின் அடியில் ஈயம் கட்டி, உயரமான கண்ணாடிக் குடுவையில் 20 சென்டிமீட்டர் மூழ்கி நிமிர்ந்து நிற்குமாறு செய்க. நீர்மட்டத்தைக் குச்சியில் குறித்துக்கொண்டு, லிட்டருக்கு 35 கிராம் வீதம் உப்பைக் கரைக்குக. குச்சி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரும். கடலுக்கும் குளத்துக்கும் உள்ள வேற்றுமையை மாணவர் கண்ணாரக் காண்பர்.

இரண்டு: சந்தையில் கட்லா, ரோகு, மிருகால் ஆகியவற்றின் தலைகளை வாங்கி வரிசையாக வைத்து, வாய் எத்திசை நோக்கியுள்ளது என்பதைக் கொண்டு ஒவ்வொன்றும் எங்கே மேயும் என்று மாணவரையே ஊகிக்கச் செய்க.

மூன்று: ஒரு செதிலைக் கழுவி உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால் வளையங்கள் தெரியும். வளர்ச்சி குன்றும் காலத்தில் அவை நெருங்கியும், ஓங்கும் காலத்தில் அகன்றும் இருக்கும். வி. ஜி. ஜிங்ரன் 1957ஆம் ஆண்டில் மிருகாலின் வயதைச் செதிலைக் கொண்டு கணிப்பது குறித்து எழுதினார். பிடித்த மீன் எத்தனை மழைக்காலங்களைக் கண்டது என்று அறிந்த மாணவன், அதை உண்பதற்கு முன் ஒரு கணமேனும் அதன் வாழ்வை எண்ணிப்பார்ப்பான்.

புதிதாகத் தொடங்குவோர் முதல் பருவத்தில் ஒரே குளத்தைத் தேர்ந்து, ஒரு குறிப்பேட்டில் நாள், நேரம், காற்றின் திசை, நீரின் ஆழம், இரை, கிடைத்த மீன் ஆகியவற்றை எழுதிவருவாராக. மழைக்காலத்தில் தூண்டிலைத் துடைத்து மடித்துவைத்து, ஆற்றுமுகத்தில் மீன் ஏறுவதைக் கரையில் நின்று காண்பாராக. அடுத்த ஆண்டில் அவர் தூண்டிலுக்கு வரவேண்டிய மீன் அந்நாட்களிலேயே பிறக்கின்றது.